ஒரே காற்றில் மூன்று பாடங்கள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் புவியியல் நடத்துகிறேன். பருவநிலை மாற்றம், ஆற்றல் மூலங்கள், நீர் மாசு ஆகியவற்றை மாணவர்கள் தனித்தனியே படித்து, தேர்விலும் தனித்தனியே எழுதிவிட்டு வருகிறார்கள். எங்கள் வகுப்பறைச் சன்னலைத் திறந்தாலோ, மூன்றும் சேர்ந்துதான் உள்ளே வருகின்றன.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது எங்களுக்குப் பழமொழி மட்டுமன்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்துகிடக்கும் பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயில் எங்கள் ஊர். மலை குறுக்கே நின்றால் ஈரக்காற்று மேலேறிக் குளிர்ந்து மழையாகிவிடும். இங்கே ஏறுவதற்கு மலையில்லை என்பதால், அது தன் ஈரத்தைப் பெரும்பாலும் சுமந்துகொண்டே கிழக்கே ஓடி, உடுமலைப் பக்கத்தில் மின்சாரம் எடுக்கும் காற்றாடிகளைச் சுழற்றிவிட்டுப் போகிறது. கேரளம் என்றாலே ஓயாத மழை என்று நினைப்பவர்கள் ஒருமுறை எங்கள் பக்கத்து எருத்தேம்பதி வரை வந்து பார்க்கலாம்.

மழை குறைந்த இடத்தில் கிணறுதான் கதி. கிணறு வற்றினால் போர், அதாவது ஆழ்துளைக் கிணறு. நீர் மாசுக்குக் காரணம் கேட்டால், வகுப்பே ஒரே குரலில் ‘தொழிற்சாலைக் கழிவு’ என்கிறது. எல்லைக்கு அப்பால் நொய்யல் ஆற்றில் அது உண்மைதான்: திருப்பூரின் சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியதையும், 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டதையும் நான் விரிவாகவே சொல்கிறேன். ஆனால் அப்படிச் சொல்லும் பிள்ளைகளில் சிலருடைய பற்களிலேயே பழுப்புக் கறை தெரிகிறது. அதற்கு எந்த ஆலையும் காரணமன்று. ஆழத்துப் பாறைதான் காரணம். கருங்கல் பாறையின் சில கனிமங்களில் ஃபுளோரைடு உண்டு. நீர் பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கும்போது அது சிறிது சிறிதாகக் கரைந்து சேர்கிறது. மேலே உள்ள நீர் மழையால் அவ்வப்போது புதுப்பிக்கப்படுகிறது. ஆழத்து நீருக்கு அந்த வாய்ப்புக் குறைவு. குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது இந்தியத் தரம். பல் உருவாகும் வயதில் அளவு மீறிக் குடித்தால் கறை நிலைத்துவிடும். கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று பல வீடுகளில் நம்புகிறார்கள். நீர் ஆவியாகி அளவு சுண்டுவதால், உண்மையில் ஃபுளோரைடின் செறிவு கூடத்தான் செய்யும்.

ஆழத்து நீரை மேலே கொண்டுவருவது மின்சாரம். சித்திரையில் தென்னைக்கு நீர் மிகுதியாகத் தேவைப்படும்போது காற்றாடிகள் பெரும்பாலும் சோம்பி நிற்பதால், அந்த நேரத்து மோட்டார்களை ஓட்டுவதில் நிலக்கரியின் பங்கு கூடுகிறது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 280 பங்காக இருந்த கரியமில வாயு, இன்று 420ஐத் தாண்டியதற்கு நிலக்கரி ஒரு முக்கியக் காரணம். அந்த வாயு கூடுவதால் காற்று சூடேறுகிறது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும் என்பதால், மழை நாள் கணக்கில் நனைப்பதைவிட ஓரிரு மணி நேரத்தில் கொட்டித் தீர்ப்பது பெருகுகிறது. கொட்டும் மழை மண்ணுக்குள் இறங்குவதற்குள் ஓடைக்குப் போய்விடுகிறது, கிணறு ஊறுவதில்லை, போர் இன்னும் கீழே இறங்குகிறது. 2016இல் கேரளம் முழுவதும் வறட்சி, 2018இல் பெருவெள்ளம். இரண்டையும் நேரில் கண்ட பிள்ளைகள்தாம் இப்போது என் முன் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஒன்பதாம் வகுப்பில் ஒருத்தி, “சூரிய மின்சாரத்தில் மோட்டார் ஓடினால் எல்லாம் சரியாகிவிடுமா சார்?” என்று கேட்டாள். கேள்வித்தாளில் வரவேண்டிய கேள்வி அது. புகை குறையும் என்றேன். ஆனால் கட்டணமில்லாமல் பகலெல்லாம் ஓடும் மோட்டார் நிலத்தடி நீரை இன்னும் விரைவாக இறக்கிவிடவும் கூடும், அதாவது ஒரு பாடத்தின் சரியான விடை அடுத்த பாடத்தில் தவறாகிவிடலாம் என்றும் சொன்னேன். அவள் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளாமல், “எங்கள் போர் 600 அடி சார்” என்றாள். பக்கத்தில் இருந்தவன், தன் பாட்டி காலத்துக் கிணறு ஆறு ஆள் ஆழம்தான் என்றான். திங்கட்கிழமைக்கு அனைவரும் வீட்டுக் கிணற்றின் ஆழத்தையும் அது வெட்டிய ஆண்டையும் எழுதிக்கொண்டு வர வேண்டும். கூடவே, ஒரு குப்பியில் போர்த் தண்ணீரும்.