கண்ணாடி தேடும் நேரம்

"இருப்பா, கண்ணாடிய எடுத்துட்டு வரேன்."

இன்று கேட்ட அழைப்புப் பதிவுகளில் ஒரு பாட்டி இப்படிச் சொல்கிறார். மறுமுனையில் இருப்பது நாங்கள் சோதித்துக்கொண்டிருக்கும் வாய்ஸ் பாட், அதாவது போனில் ஆளுக்குப் பதிலாகப் பேசும் மென்பொருள். வாடிக்கையாளர் எண் கேட்டிருந்தது.

பாட்டி எழுந்து போகிறார். டிவி சத்தம், யாரோ பீரோவைத் திறக்கும் சத்தம். பாட் விடாமல் "மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை" என்று மூன்று முறை சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தது.

மனிதர்கள் பேசும்போது ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்க ஆகும் இடைவெளி சராசரியாக 200 மில்லிசெகண்ட் அளவுதான். பேச்சு எங்கே முடியும் என்பதை நாம் முன்பே ஊகித்துவிடுகிறோம். பல பாட்களுக்கோ மௌனம்தான் கணக்கு. இத்தனை நேரம் குரல் இல்லையா, பேச்சு முடிந்தது. அந்த நேரத்தைக் கூட்டினால் பாட் மந்தமாகத் தெரியும், குறைத்தால் குறுக்கே விழும்.

நம்மவர்கள் எண்ணை இரண்டிரண்டாக, மும்மூன்றாக நிறுத்தித்தான் சொல்வார்கள். அந்தக் கேள்விக்கு மட்டுமாவது கூடுதல் அவகாசம் கொடுக்கலாம். இதெல்லாம் பெரிய கம்பசூத்திரம் இல்லை.

சிக்கல் வேறு இடத்தில். ஆளிடம் போகாமல் பாட்டோடு முடிந்த அழைப்புகளின் விகிதத்துக்கு 'கன்டெயின்மென்ட்' என்று பெயர். அது ஏறினால் எல்லோருக்கும் சந்தோஷம். கடுப்பாகி போனை வைத்தவர்களைத் தனியாகப் பிரிக்காவிட்டால் அவர்களும் வெற்றிக் கணக்கிலேயே சேர்ந்துவிடுவார்கள்.

"அதே ஆள் மறுநாள் திரும்பக் கூப்பிட்டாரா என்று பார்த்தால் தெரிந்துவிடுமே சார்" என்றேன்.

அடுத்த காலாண்டில் பார்க்கலாமாம்.