கால் மைலுக்கு ஒரு பழைய எஸ்டீம்: ஓசூர் பட்டறைக் குறிப்பு

வண்டி: மாருதி எஸ்டீம், எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை), 1298 சிசி, 16 வால்வு, கம்பெனிக் கணக்குப்படி 85 எச்பி. போட்டி: டிராக் ரேஸ், நின்ற இடத்திலிருந்து இரண்டு வண்டி நேர்கோட்டில் ஓடும் பந்தயம். தூரம்: கால் மைல், 402 மீட்டர். பக்கத்து லேனில் நிற்கப்போவது பலேனோ ஆர்எஸ், போலோ ஜிடி டிஎஸ்ஐ மாதிரி ஷோரூமிலிருந்து வந்தபடியே ஓடும் டர்போ (காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் சுழலி) வண்டிகள். இதுவரை செய்தது, செய்து கெட்டது, இன்னும் பாக்கி இருப்பது எல்லாம் கீழே.

காகிதக் கணக்கு

ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் கால்குலேட்டர். ஓட்டுநரோடு சேர்த்து வண்டியின் எடையைக் கிலோவில் எடுத்து, எச்பியால் வகுத்து, அதன் கனமூலத்தை 7.58 ஆல் பெருக்கினால் கால் மைல் நேரம் நொடியில் கிடைக்கும். உலகம் முழுக்க டிராக் ரேஸ் ஓட்டுபவர்கள் பயன்படுத்தும் சூத்திரம்தான். பவுண்டுக்கான எண்ணைக் கிலோவுக்கு மாற்றியிருக்கிறோம். ஓட்டுநருக்கு 75 கிலோ வைத்தால் எஸ்டீம் 950 கிலோ, 16.9 நொடி. பலேனோ ஆர்எஸ் 1025 கிலோ, 101 எச்பி, 16.4 நொடி. போலோ ஜிடி டிஎஸ்ஐ 1185 கிலோ, 104 எச்பி, 17.1 நொடி.

போலோவை எஸ்டீம் அடித்துவிடும் என்று இந்தக் கணக்கு சொல்கிறது. தளத்தில் அப்படி நடக்காது. சூத்திரத்துக்கு எடையும் எச்பியும் மட்டும்தான் தெரியும். போலோவின் 175 நியூட்டன் மீட்டர் டார்க் 1500 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடுகிறது, டிஎஸ்ஜி என்ற இரட்டைக் கிளட்ச் தானியங்கி கியர்பாக்ஸ் கியர் மாற்றும்போது இழுவை அறுவதில்லை. எஸ்டீமோ 4000க்கு மேல் போனால்தான் கண்விழிக்கும், ஒவ்வொரு கியருக்கும் கிளட்சை மிதித்தாக வேண்டும். ஆகவே சூத்திரம் தரும் நேரத்தை, ஸ்டார்ட்டும் கியர் மாற்றமும் ஒழுங்காக அமைந்தால் கிடைக்கக்கூடிய நேரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓசூர் உயரம் செய்யும் மாயம்

பழைய வண்டியும் புது வண்டியும் ஓசூரில் சேர்ந்து ஓடியதைப் பார்த்துவிட்டு, பழையது தேறாது என்று பலர் கை கழுவிவிடுகிறார்கள். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் மேலே இருக்கிறது. டர்போ இல்லாத என்ஜின் இங்கே 9 சதவீதம் வரை சக்தியை இழக்கும். கால் மைலில் அது அரை நொடி. டர்போ வண்டியின் ஈசியு (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி), தன் இலக்கு அழுத்தத்தை எட்டும்வரை டர்போவைக் கூடுதலாகச் சுழலவிட்டு இழப்பில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். கிருஷ்ணகிரிக்கோ தருமபுரிக்கோ இறங்கினால் உயரம் கிட்டத்தட்ட பாதியாகிவிடும், வித்தியாசமும் சுருங்கும். சென்னை பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ரேஸ் தளம் சமவெளியில் இருக்கிறது, அங்கே இன்னும் சுருங்கும்.

ஆனால் முழு 9 சதவீதமும் திரும்பக் கிடைக்காது, காரணம் சென்னை வெயில். ஓசூர் காலை 22 டிகிரியையும் இருங்காட்டுக்கோட்டை மதியம் 34 டிகிரியையும் வைத்துக் கணக்குப் போட்டால் காற்றின் அடர்த்தி 6 சதவீதம்தான் கூடுகிறது. கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். அடர்த்தி 6 சதவீதம் கூடினால் கலவை சுமார் 3 சதவீதம் லீன் ஆகும், அதாவது காற்றுக்கேற்ற பெட்ரோல் குறையும். ஓசூரில் கச்சிதமாக ஜெட் (பெட்ரோல் வரும் துளை) போட்ட வண்டி கீழே போய் நாக் அடித்து (கலவை தாறுமாறாக வெடித்து) பிஸ்டனைத் தின்பது இப்படித்தான். ஒரு சைஸ் பெரிய மெயின் ஜெட் கையிலிருக்கட்டும். எஸ்டீமில் என்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் இருப்பதால் உயர வித்தியாசத்தை அதுவே பார்த்துக்கொள்கிறது.

சிலிண்டருக்குள் அழுத்தம் பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்ட்டிலும் இதே கதை. கீழே 185 பிஎஸ்ஐ காட்டும் என்ஜின் ஓசூரில் 170 காட்டும். எண்ணைப் பார்த்துப் பயந்து ரிங் மாற்றிவிடாதீர்கள். நான்கு சிலிண்டருக்கும் இடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

எடை மேடை

கிரானைட் லாரி நிற்கும் எடை மேடைதான் நமக்கும். 10 கிலோ படிகளில்தான் காட்டும், இருந்தாலும் போதும். முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு சீட்டு, முழு வண்டியையும் ஏற்றி இன்னொரு சீட்டு. கழற்றுவதற்கு முன்: முன் அச்சு 540, மொத்தம் 870.

கழற்றியது: ஸ்டெப்னி 13, ஜாக்கியும் டூல்ஸும் 4, பின் சீட் 18, பக்கத்து சீட் 13. டேங்கில் பெட்ரோலை 30 லிட்டர் குறைத்ததில் 22. மொத்தம் 70 கிலோ. இப்போது முன் அச்சு 530, மொத்தம் 800. காகிதத்தில் இது 0.4 நொடிக்கு மேல். ஒவ்வொரு 10 கிலோவுக்கும் 0.06 என்று வைத்துக்கொள்ளலாம். இந்த விலைக்கு எந்த என்ஜின் வேலையும் இவ்வளவு நேரத்தைக் குறைத்துத் தராது.

பேட்டரியை டிக்கிக்கு மாற்றச் சொல்வார்கள். அது பின்சக்கர இழுவை வண்டிக்கான வித்தை. எஸ்டீமில் இழுப்பது முன்சக்கரம், புறப்படும்போதே எடை பின்னால் சாயும், எனவே முன்னால் இருக்கும் பாரம் நமக்கு நண்பன். ஏசி கம்ப்ரஸரையும் அதனால்தான் விட்டுவைத்தோம், பெல்ட்டை மட்டும் கழற்றினோம். பெட்ரோலை 8 லிட்டருக்குக் கீழே குறைத்தபோது ஸ்டார்ட்டில் பெட்ரோல் பின்னால் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சி, இரண்டாம் கியரில் வண்டி இருமியது. 10 லிட்டருக்குக் கீழே இனி இல்லை.

சீட்டைக் கழற்றலாமா, குறைந்தபட்ச எடை எவ்வளவு என்பது வகுப்புக்கு வகுப்பு மாறும், நிகழ்ச்சியின் விதித்தாளைப் படித்துவிட்டுக் கை வையுங்கள். அதிலேயே டர்போ பெருக்கல் எண்ணையும் தேடுங்கள், வகுப்பு பிரிக்கும்போது டர்போ வண்டியின் சிசியை அதனால் பெருக்குவார்கள். எஃப்ஐஏ (சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பு) விதியில் பெட்ரோல் டர்போவுக்கு அது 1.7. அந்த எண் பொருந்தும் இடத்தில் 998 சிசி பலேனோ ஆர்எஸ் 1697 சிசியாகவும், 1197 சிசி போலோ 2035 சிசியாகவும் எண்ணப்படும். 1400 வரை என்று ஒரு வகுப்பு இருந்தால் இரண்டுமே நம் பக்கம் வர முடியாது. பெருக்கல் இல்லாத நிகழ்ச்சியில் 1298 சிசி எஸ்டீமைப் பதிவு செய்வது, சொல்லப்போனால், கட்டணத்தைத் தானமாகக் கொடுப்பது.

முதல் 18 மீட்டர்

60 அடி நேரம், அதாவது முதல் 18.3 மீட்டர். இங்கே 0.1 நொடி மிச்சமானால் முடிவுக் கோட்டில் 0.15க்கு மேல் மிச்சம். பணத்தை முதலில் இங்கே போடுங்கள், என்ஜினுக்கு அப்புறம் போகலாம்.

பழைய வண்டியின் நிஜமான பலவீனம் என்ஜினைத் தாங்கும் ரப்பர் பிடி, என்ஜின் மவுண்ட். ரப்பர் செத்திருந்தால் கிளட்சை விட்டதும் என்ஜின் ஆடும், சக்கரம் துள்ளும், சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் வெளிப்பக்க சிவி ஜாயிண்ட் உடையும். லேத்தில் கடைந்த கெட்டி மவுண்ட் போட்டால் வண்டி முழுக்க உதறும். நாங்கள் செய்தது: மவுண்டைக் கழற்றி, தின்னரில் கழுவி, ரப்பரின் இடைவெளிகளில் முன்கண்ணாடி ஒட்டும் பியு (பாலியூரித்தேன்) சீலண்டை நிரப்பி, ஏழு நாள் காயவிட்டோம். நான்காம் நாளே மாட்டிய முதல் மவுண்ட்டில் நடுப்பகுதி ஈரமாகவே இருந்து பிதுங்கி வந்துவிட்டது.

டயர் காற்று முன்னால் 22, பின்னால் 40 பிஎஸ்ஐ. பஞ்சர் கடை மீட்டர் மூன்று நான்கு பிஎஸ்ஐ பொய் சொல்லும், சொந்த கேஜ் வாங்குங்கள். 3500 ஆர்பிஎம்மில் கிளட்சை வழுக்கி விடுவதுதான் இதுவரை சரியாக வந்தது. 4500க்குப் போனால் முன்சக்கரம் சும்மா சுற்றுகிறது. சாதாரண ரேடியல் டயருக்கு நீண்ட பர்ன்அவுட் வேண்டாம், தூசு போக இரண்டு நொடி சுற்றினால் போதும்.

இந்தப் பயிற்சிக்கு முழுத் தளம் தேவையில்லை. சீசன் முடிந்த மாம்பழக்கூழ் ஆலையின் காங்கிரீட் வளாகம் போதும், அனுமதியோடு, 25 மீட்டர் ஓடி நிறுத்த. தேசிய நெடுஞ்சாலை 44இலோ தொப்பூர் பக்கமோ பார்க்கலாம் என்ற யோசனையே வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 189 பந்தயத்துக்கென்றே எழுதப்பட்டது, அது போக அங்கே லாரிகள் இறங்குகின்றன. சீட் கழற்றிய வண்டியைச் சாலையில் ஓட்டியும் போகக்கூடாது, கேரியரில் ஏற்றித்தான்.

பெட்ரோல்

ஈ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) வந்தபின் பழைய வண்டிக்கு இரண்டு தொல்லை. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்குச் சரியான காற்று-பெட்ரோல் விகிதம் 14.7, ஈ20க்குச் சுமார் 13.5. பழைய ஈசியு முழு திராட்டிலில் முன்பே எழுதிவைத்த பெட்ரோல் அட்டவணையில்தான் ஓடும், அதனால் கலவை லீன் ஆகிறது. அட்ஜஸ்டபிள் ரெகுலேட்டரில் பெட்ரோல் அழுத்தத்தை 10 சதவீதம் ஏற்றினால் பெட்ரோல் 5 சதவீதம் கூடும். புகையை வைத்துக் கலவையை அளக்கும் வைட்பேண்ட் மீட்டரில் முழு திராட்டில் லாம்டா (சரியான கலவை 1, அதற்குக் கீழே பெட்ரோல் கூடுதல்) 0.87 பக்கம் வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். இரண்டாவது தொல்லை, பழைய ரப்பர் ஹோஸ் ஊறி வெடிக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸாக, டேங்கிலிருந்து ரெயில் வரை மொத்தமாக மாற்றினோம். ஒன்றை விட்டாலும் கசிவது அதுவாகத்தான் இருக்கும்.

புது வண்டியின் பலவீனம் வெப்பம். அடுத்தடுத்து மூன்று ஓட்டம் ஓடினால் டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் சூடேறி, ஈசியு ஸ்பார்க் டைமிங்கைப் பின்னுக்கு இழுத்துச் சக்தியைக் குறைத்துக்கொள்ளும். போலோவின் ஏழு கியர் டிஎஸ்ஜியில் இருப்பது உலர் கிளட்ச், திரும்பத் திரும்ப லாஞ்ச் செய்தால் அதுவும் சூடாகும். பானட்டைத் திறந்து வைத்து 20 நிமிடம் ஆறவிடுபவரை அசைக்க முடியாது. ஆறவிடாதவர் இறுதிச் சுற்றில் எஸ்டீமுக்குக் கிடைப்பார்.

பாக்கி: புது கிளட்ச் கேபிள், ஸ்பேர் சிவி ஜாயிண்ட் ஒரு ஜோடி, மூன்றாம் கியரில் எந்த வேகம் வரை போகலாம் என்ற கணக்கு. டயர் சுற்றளவு 1.8 மீட்டர். ஆர்பிஎம்மைச் சுற்றளவாலும் 60ஆலும் பெருக்கி, கியர் விகிதம், ஃபைனல் டிரைவ் விகிதம், 1000 மூன்றாலும் வகுத்தால் கிலோமீட்டர் வேகம். கோட்டைத் தாண்டும் வேகம் 130ஐத் தாண்டும் என்பது கணக்கு. அதற்கு முன்பே மூன்றாம் கியர் முடிந்துவிட்டால், நான்காவது போடுவதா, ஒரு சைஸ் உயரமான டயர் போடுவதா என்பதை அடுத்த முறை தளத்தில் இரண்டையும் ஓட்டிப் பார்த்துத்தான் எழுத முடியும்.