பின் கார்டும் கேட்கிற இருதயமும்

ஸ்டோர்ஸ் வேலையில் ஒருவருடைய பெயர் கெடுவதற்கு ஒரு சின்ன எண் போதும். நான் கெடுத்த பெயருக்கு அந்த எண் 24.

ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் இன்சார்ஜாகப் பொறுப்பேற்ற இரண்டாவது வருஷம், ஆண்டு முடிவு ஸ்டாக் எடுத்துக்கொண்டிருந்தோம். ஒரு சைஸ் பேரிங் கம்ப்யூட்டர் கணக்கில் 61 இருந்தது. ரேக்கில் எண்ணினால் 37. மூன்று தடவை எண்ணினோம், 37தான்.

அந்த ரேக்கைப் பார்த்துக்கொண்டது, வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமே ஆன ஒரு தம்பி. இரவு ஷிப்டில் சாவி அவனிடம் இருக்கும். எனக்கு முன்பிருந்தே அங்கே வேலை பார்த்த ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சார், ராத்திரியில சாவி யார்கிட்ட இருக்குன்னு பாருங்க" என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. மீதியை நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் ஜெபித்துவிட்டுத்தான் வேலைக்குப் போனேன். இதை மறைக்க விரும்பவில்லை. "ஆண்டவரே, உண்மையை வெளியே கொண்டுவாரும்" என்று கேட்டேன். ஆனால் எந்த உண்மை வெளியே வர வேண்டும் என்பதை முழங்கால் போடும் முன்பே முடிவு செய்திருந்தேன். என் முடிவுக்கு ஆண்டவரிடம் கையெழுத்து வாங்கப் போயிருக்கிறேன், அவ்வளவுதான்.

பத்து மணிக்கு அவனைக் கவுண்டருக்குக் கூப்பிட்டேன். பொருள் வாங்க நான்கு பேர் நின்றிருந்தார்கள். "24 பேரிங் எங்கே தம்பி?" என்றேன்.

"தெரியல சார். பின் கார்டுல சரியாத்தான் இருக்கு."

பின் கார்டு என்பது ஒவ்வொரு பொருளுக்கும் ரேக்கிலேயே தொங்கும் அட்டை. பொருள் வரும்போதும் போகும்போதும் அங்கேயே நின்று கையால் எழுதுவது. "அதை எழுதுறதே நீதானே" என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் அவன் வாய் திறக்கவில்லை. கையிலிருந்த பேனாவின் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நின்றான். அந்தச் சின்னச் சத்தம் இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது.

மூன்று நாள் கழித்து, வேறொரு பொருளுக்காக வரவுப் பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது விஷயம் தெரிந்தது. லாரியோடு வந்த டெலிவரி சலான் எண்ணை வைத்து 24 பேரிங் ஒரு முறை வரவு ஏறியிருந்தது. இரண்டு நாள் பிந்தி வந்த இன்வாய்ஸ் எண்ணை வைத்து அதே 24 மறுபடியும் ஏறியிருந்தது. எண்கள் வேறு என்பதால் கம்ப்யூட்டர் மறுக்கவில்லை. பின் கார்டில் ஒரே ஒரு வரவுதான் இருந்தது. இருப்பு 37. அவன் சொன்னது சரி. இரண்டாவது பதிவின் கீழே இருந்தது என் பெயர்.

அவனை எந்தக் கவுண்டரில் நிறுத்தினேனோ, அதே கவுண்டரில் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல சார்" என்றான். பரவாயில்லை என்று அவன் முகம் சொல்லவில்லை.

அன்றிரவு வேதத்தில் யோசுவா 9ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். கிபியோன் என்ற ஊரின் குடிகள் பூசணம் பிடித்த அப்பத்தையும் கிழிந்த திராட்சரசத் துருத்திகளையும் காட்டி, தூர தேசத்திலிருந்து வருகிறோம் என்று சொல்ல, இஸ்ரவேலர் "கர்த்தருடைய வாக்கைக் கேளாமல்" உடன்படிக்கை செய்துவிடுகிறார்கள். மூன்று நாளுக்குப் பிறகுதான் அவர்கள் பக்கத்திலேயே குடியிருப்பவர்கள் என்று தெரிகிறது. மூன்று நாள் என்ற வார்த்தை என்னை நிறுத்தியது. அவர்களுடைய தலைவன் யோசுவா சோம்பேறியும் அல்ல, அவிசுவாசியும் அல்ல. கண்ணுக்கு முன்னால் சாட்சி இருந்ததால் கேட்கத் தோன்றவில்லை. சாவி யாரிடம் என்ற ஒரு கேள்வி எனக்குப் பூசணம் பிடித்த அப்பமாக இருந்தது.

அதே கிபியோனில்தான் பல தலைமுறை கழித்து ராஜாவான சாலொமோன் சொப்பனத்தில் கர்த்தரிடம் ஞானம் கேட்கிறான். 1 இராஜாக்கள் 3ஆம் அதிகாரம். நம் தமிழ் வேதத்தில் "ஞானமுள்ள இருதயம்" என்று இருக்கிறது. எபிரெய மூலத்தில் உள்ள சொல்லுக்கு நேர்ப்பொருள் "கேட்கிற இருதயம்". கேளாமல் ஏமாந்த இடத்தில் ஒருவன் கேட்கிற இருதயத்தை வேண்டிக்கொள்கிறான். இதை அறிந்த நாள்முதல் ஞானத்துக்காக நான் ஜெபிக்கும் ஜெபமே மாறிவிட்டது. அதுவரை பதிலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது காதைக் கேட்கிறேன்.

அதே அதிகாரத்தில், இரண்டு தாய்மார் ஒரு பிள்ளைக்காகச் சாலொமோனிடம் வழக்காடிய கதையில், பிள்ளையை இரண்டாக்க அவன் கொண்டுவரச் சொன்ன பட்டயம்தான் எல்லோருக்கும் நினைவிருக்கும். எனக்குப் பிடித்தது அதற்கு முந்தின வசனம், 23. இவள் இப்படிச் சொல்லுகிறாள், அவள் அப்படிச் சொல்லுகிறாள் என்று ராஜா இருவர் சொன்னதையும் திருப்பிச் சொல்கிறான். பட்டயம் கொண்டுவரச் சொல்வது அதற்குப் பிறகுதான். நானும் அதைப் பழக்கமாக்கிக்கொண்டேன். எந்தப் புகார் வந்தாலும் ஒரு தாளில் நடுவே கோடு போட்டு, இரண்டு பக்கத்தையும் எழுதி, எழுதியதை இரண்டு பேருக்கும் வாசித்துக் காட்டுவேன். பாதிப் புகார்கள் அந்த வாசிப்பிலேயே தளர்ந்துவிடும்.

இவ்வளவு தெரிந்த பிறகும், தவறு செய்த கையோடு போய் ஞானம் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. "உங்களில் ஒருவன் ஞானத்தில் குறைவுள்ளவனாயிருந்தால்" என்று தொடங்கும் யாக்கோபு 1:5ஐச் சிறுவயதிலிருந்தே மனப்பாடமாகச் சொல்வேன். ஆனால் நடுவில் வரும் "ஒருவரையும் கடிந்துகொள்ளாதவருமாகிய" என்ற வார்த்தை அந்த வாரம்தான் உள்ளே இறங்கியது. வேலைக்கு வந்து எட்டு மாதமே ஆன பிள்ளையை நாலு பேர் முன்னால் கடிந்துகொண்டவன் நான். என்னைக் கடிந்துகொள்ளாதவரிடம் கேட்கப் போகிறேன். அழுதுவிட்டேன்.

ஞானம் கேட்பது என்றாலே அடையாளம் கேட்பது என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். போருக்குப் போகும் முன் கிதியோன் என்பவன் ஆட்டுத்தோலைக் களத்தில் போட்டு, அதில் மட்டும் பனி பெய்யட்டும் என்று அடையாளம் கேட்டதை உதாரணம் காட்டுவார்கள். என்ன செய்ய வேண்டும் என்று கிதியோனுக்கு ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. தோல் போட்டது அவனுடைய பயத்துக்கு.

எல்லாச் சமயத்திலும் என்ன செய்வது என்று கேட்கத் தேவையும் இல்லை. ஒரு மாதக் கடைசியில் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, நாளைக்கு வரவேண்டிய சரக்குக்கு இன்றைய தேதியில் வரவுச் சீட்டு போடச் சொன்னார். வராத பொருளை வந்ததாக எழுதுவது பொய். அதைத் தெரிந்துகொள்ள தனி ஞானம் வேண்டியதில்லை. அதை எப்படிச் சொல்வது என்பதற்குத்தான் வேண்டியிருந்தது. வேதத்தில் பெர்சிய ராஜா, தன் பானபாத்திரக்காரனான நெகேமியாவைப் பார்த்து, நீ கேட்கிற காரியம் என்ன என்கிறான். அந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் நெகேமியா பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம்பண்ணுகிறான். ஒரு மூச்சளவு ஜெபம். ஆனால் அதற்குப் பின்னால் கிஸ்லேவு மாதத்திலிருந்து நிசான் மாதம்வரை மாதக்கணக்கான ஜெபம் இருந்தது. என் காலைநேர ஜெபம் அவ்வளவு பெரியதல்ல. ஆனாலும் அந்த அறையில் நின்றபோது அதுதான் என்னைத் தாங்கியது. "சார், வந்ததா எழுத முடியாது. வழியில இருக்கிற சரக்குன்னு தனியா ஒரு பட்டியல் தர்றேன், லாரி ரசீதோட" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். சரி, கொண்டுவாங்க என்றார். அதன் பிறகு பல மாதம் அவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பரத்திலிருந்து வருகிற ஞானம் முதலாவது சுத்தமுள்ளது, பின்பு சமாதானமுள்ளது என்று யாக்கோபு 3:17இல் வரிசைப்படுத்துகிறார். அந்தப் "பின்பு" வர எனக்கு நாளாயிற்று.

இப்போது எங்கள் ஸ்டோர்ஸில் ஒரு மேற்பார்வையாளர் இடம் காலியாக இருக்கிறது. தகுதியுள்ளவர்கள் இரண்டு பேர். ஒருவன் அந்தத் தம்பி. யாருக்கு என்று வெள்ளிக்கிழமைக்குள் நான் பெயர் சொல்ல வேண்டும். மனம் அவன் பக்கமே சாய்கிறது. அது அவன் வேலையைப் பார்த்தா, நான் பட்ட கடனை நினைத்தா என்று எனக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை. யாக்கோபின் அதே வசனத்தில் "பட்சபாதமில்லாததாயும்" என்றும் இருக்கிறதே. மற்றவனுக்கும் குடும்பம் இருக்கிறது, உழைப்பு இருக்கிறது.

இன்று காலையில் ஜெபிக்கும்போது இரண்டு பெயர்களையும் சொன்னேன். எதையும் முடிவு செய்துகொண்டு போகவில்லை என்று நினைக்கிறேன். இரண்டு பேருடைய பதிவேடுகளையும் பெயரை மறைத்து எடுத்துவைத்திருக்கிறேன். பழைய கதை எதுவும் தெரியாத, வேறு பிரிவில் இருக்கும் மூத்தவர் ஒருவர் மதியம் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவர் பார்த்து முடிக்கும்வரை நான் வாய் திறக்கப் போவதில்லை.