ரவுட்டரின் டி-கேம் நிரம்பினால் என்ன ஆகும்

"ரவுட்டர் திணறுது, மெமரி ஏத்திடலாமா?" என்று யாராவது கேட்டால், எந்த மெமரி என்று திருப்பிக் கேட்பேன். வந்த பாக்கெட்டை (தரவுத் துண்டை) எந்தப் போர்ட்டில் (வெளியேறும் வாசலில்) தள்ளுவது என்று பெரிய ரவுட்டர்கள் பல தேடுவது சாதாரண ராமில் இல்லை, டி-கேம் (TCAM) என்ற தேடும் மெமரியில்.

ராமிடம் முகவரியைக் கொடுத்தால் அங்கே இருப்பதைத் தரும். டி-கேமுக்கு அடிப்படையான கேம் (CAM) நேர் எதிர். மதிப்பைக் கொடுத்தால் அது எந்த வரியில் இருக்கிறது என்று சொல்லும், அதுவும் அத்தனை வரிகளையும் ஒரே நேரத்தில் ஒப்பிட்டு. மேக் முகவரி (நெட்வொர்க் கருவியின் அடையாள எண்) என்றால் 0, 1 அப்படியே பொருந்தினால் போதும், ஆனால் 10.1.0.0/16 மாதிரி ரூட்டில் (முதல் 16 பிட் மட்டும் பொருந்த வேண்டிய வழியில்) கடைசி 16 பிட் எதுவானாலும் சரிதான், அந்த 'எதுவானாலும்' தான் டி-கேமில் இருக்கும் மூன்றாவது நிலை. பல வரிகள் பொருந்தினால் மேலே உள்ளது ஜெயிக்கும், அதனால் அதிக பிட் பொருந்த வேண்டிய /24 எப்போதும் /16க்கு மேலே உட்காரும்.

வேகத்துக்கு விலை உண்டு. எஸ்ராமில் (வேகமான ராம் வகை) ஒரு பிட்டுக்கு 6 டிரான்சிஸ்டர், டி-கேமில் வழக்கமாக 16. தேடும்போதெல்லாம் எல்லா வரிகளும் விழித்துக்கொள்வதால் சூடும் மின்செலவும் தனி. ஆகவே இடத்தை அளந்துதான் கொடுப்பார்கள்.

2014 ஆகஸ்ட் 12 அன்று இணைய ரூட் பட்டியல் சிறிது நேரம் 512கே-வைத் (சுமார் 5 லட்சம் ரூட்டுகள்) தாண்டியது. சிஸ்கோ 6500, 7600 பெட்டிகளில் சூப்பர்வைசர் 720 என்ற கட்டுப்பாட்டு அட்டையின் 3பிஎக்ஸ்எல் ரகத்தில் ஐபிவி4-க்கு (பழைய இணைய முகவரி முறைக்கு) டி-கேமில் ஒதுக்கியிருந்தது சரியாக அவ்வளவுதான். மீதி இடம் நீளமான முகவரி கொண்ட ஐபிவி6-க்கு, அதற்கு ஒரு ரூட்டுக்கு இரண்டு வரி பிடிக்கும். இடம் கிடைக்காத ரூட்டுகளுக்கான பாக்கெட்டுகள் சிபியுவின் தலையில் விழுந்தன, அது எங்கே தாங்கும், பல நெட்வொர்க்குகள் ஆட்டம் கண்டன. எரிச்சல் என்னவென்றால் சிப்பில் இடம் இருந்தது, பங்கு பிரித்ததுதான் பழைய கணக்கு. ஒரே கட்டளையில் மாற்றலாம், ஆனால் பெட்டியை ரீபூட் செய்தால்தான் அது அமலுக்கு வரும்!

ஏசிஎல் (எந்தப் பாக்கெட்டை விடுவது, எதைத் தடுப்பது என்ற விதிப் பட்டியல்) எழுதுபவர்களும் இதே மாதிரி இடத்தைத்தான் தின்கிறார்கள். இங்கே போர்ட் என்பது பாக்கெட்டுக்குள் இருக்கும் எண்; எண்களின் வரம்பை டி-கேமில் அப்படியே ஒரு வரியாக வைக்க முடியாது, எனவே போர்ட் 1023-க்கு மேல் என்று ஒரு வரி எழுதினால் உள்ளே 6 வரி ஆகலாம், 1 முதல் 65534 வரை என்றால் 30, அதையே சோர்ஸ் (அனுப்பும் பக்கம்), டெஸ்டினேஷன் (சேரும் பக்கம்) இரண்டிலும் போட்டால் 900. இதைக் குறைக்கச் சில சிப்களில் தனி வசதி உண்டு, ஆனால் அதுவும் எண்ணிக்கைக்கு உட்பட்டதே.