சித்தியிடம் கேட்ட கேள்வி

மார்ச் 4, செவ்வாய்

தண்டையார்பேட்டையிலிருந்து சித்தியை அழைத்துச் சென்றிருந்தேன். மார்பகத்தில் புற்று என்று வந்த பயாப்சி (திசுப் பரிசோதனை) முடிவைப் படித்த அறுவை மருத்துவர், "முழுசா எடுத்துடலாம், திங்கட்கிழமை அட்மிட் ஆகிடுங்க" என்று சித்தப்பாவைப் பார்த்துச் சொன்னார். ஆங்கிலத்தில் இருந்த ஒப்புதல் படிவமும் சித்தப்பாவின் கைக்கே போனது. சித்தி மடியிலிருந்த மஞ்சள் பையின் காதைத் திருகிக்கொண்டே இருந்தார். வேறு வழி உண்டா என்று கேட்டேன். எல்லாவற்றையும் சொன்னால் நோயாளி குழம்பிப்போவார் என்றார் மருத்துவர். வெளியே கூட்டம் நிரம்பியிருந்தது உண்மைதான். ஆனாலும் அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை.

மார்ச் 6, வியாழன்

தொடக்கநிலை மார்பகப் புற்றில் கட்டியை மட்டும் நீக்கிக் கதிர்வீச்சு தருவதையும் மார்பகத்தை முழுதாக அகற்றுவதையும் ஒப்பிட்டு, அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர், இத்தாலியில் உம்பெர்த்தோ வெரோனேசி என்ற அறுவை மருத்துவர்கள் 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2002இல் வெளியிட்ட முடிவுகளில், உயிர்வாழும் காலத்தில் வேறுபாடு இல்லை. அப்படியிருக்க, எது வேண்டும் என்பதைச் சித்தியைத் தவிர வேறு யார் சொல்ல முடியும்? மயக்கத்தில் இருந்த பெண்ணுக்காக அவருடைய தாய் தந்த ஒப்புதல் செல்லாது என்று சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008இலேயே கூறிவிட்டது. சிகிச்சையின் பயன், ஆபத்து, மாற்றுவழி ஆகியவற்றை நோயாளியிடம் சொல்ல வேண்டும் என்பதும் அதே தீர்ப்பில் உள்ளது.

மார்ச் 11, செவ்வாய்

இரண்டாவது மருத்துவர் மருந்துச் சீட்டின் பின்புறத்தில் படம் வரைந்து, இரண்டு வழிகளையும் சித்தியிடமே விளக்கினார். கட்டியை மட்டும் எடுத்தால் அதே இடத்தில் திரும்பவும் வரும் வாய்ப்பு சற்று அதிகம் என்பதையும், முழுதாக எடுத்தாலும் அக்குள் நெறிக்கட்டிகளில் நோய் இருந்தால் கதிர்வீச்சு தேவைப்படலாம் என்பதையும் மறைக்கவில்லை. "நீங்களே சொல்லுங்க டாக்டர்" என்று சித்தி வழக்கம்போலத் தொடங்கினார். "சொல்றேன்மா, முதல்ல உங்களுக்கு எது கஷ்டம்னு சொல்லுங்க" என்றார் அவர். அதன்பிறகுதான் சித்தி வாய் திறந்தார்: விடியற்காலை நான்கு மணிக்கு இட்லிக் கடை, தினமும் கதிர்வீச்சுக்கு அலைய வேண்டிய வாரங்கள், மறுபடி வந்துவிடுமோ என்ற பயம். முடிவை மருத்துவரிடமே விடுகிறவர்களுக்கும் விவரத்தைச் சொன்ன பிறகே அந்தப் பொறுப்பை ஏற்பதாக அவர் சொன்னபோது, எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மார்ச் 14, வெள்ளி

முழுதாக எடுத்துவிடச் சித்தி முடிவு செய்துவிட்டார். நான் மற்றதைத்தான் விரும்பினேன், சொல்லவில்லை. தமிழில் இருந்த படிவத்தை வரிவரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்டு, பேனாவை வாங்கி முழுப் பெயரை எழுதினார். சித்தப்பா சாட்சிக்கான இடத்தில் கையெழுத்திட்டார்.