காற்றுக்குப் பெயர் வைத்த ஊர்: அலெக்சாண்டிரியா நாட்குறிப்பு

அக்டோபர் 31, 2024, வியாழன்

இன்று தீபாவளி. இந்த ஊரில் இன்றைய நாளுக்கு 25 மணி நேரம். நள்ளிரவு வந்ததும் கடிகாரத்தைப் பதினொன்றுக்குத் திருப்பிவிடுவார்கள். மின்சாரத்தை மிச்சப்படுத்த 2023-இல் எகிப்து, கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கும் கோடை நேரத்தை மீண்டும் கொண்டுவந்தது. ஏப்ரல் கடைசி வெள்ளியில் தொடங்கி, அக்டோபர் கடைசி வியாழனோடு முடியும்.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "ஓடுகிற நேரத்தைப் போய் யாராவது திருப்புவார்களா தம்பி?" என்று கேட்டாள். நேற்றுவரை எனக்கும் நாகப்பட்டினத்துக்கும் இரண்டரை மணி தூரம். நாளை முதல் மூன்றரை. அவள் விளக்கேற்றும் நேரத்தில் நான் துறைமுகத்தில் சரக்குக் கணக்கோடு நிற்பேன்.

நவம்பர் 17, ஞாயிறு

'மக்னசா' வந்துவிட்டது. அரபியில் துடைப்பம் என்று பொருள். தெருவையே கூட்டிக்கொண்டு போகிற காற்றும் மழையும்.

இங்கே குளிர்காலப் புயல்களை 'நவ்வா' என்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், வர வேண்டிய தேதி, தங்கும் நாட்கணக்கு. நவம்பர் நடுவில் துடைப்பம், டிசம்பர் தொடக்கத்தில் காசிம், ஜனவரியில் பெரிய ஃபைதா என்று மார்ச் வரை ஒரு வரிசையே உண்டு. தலைமுறை தலைமுறையாகக் கடலைப் பார்த்துப் பார்த்துப் போட்ட கணக்கு. ஒரு நாள் முன்னே வரும், சில நாள் பிந்தும், சில ஆண்டு வராமலும் போகும். ஆனாலும் அன்ஃபூஷி மீனவர்கள் அந்தக் கணக்கை மதிக்கிறார்கள். காற்று முற்றினால் 'புகாஸ்' எனும் துறைமுக வாயிலை மூடுவார்கள். 'புகாஸ் மூடிவிட்டது' என்ற ஒரு சொல்லில் எங்கள் வேலை முழுதும் நின்றுபோகும். நம் ஊரில் கூண்டு ஏற்றுகிற மாதிரிதான்.

'ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை' என்று நாம் மாதத்தைச் சொல்லி வைத்தோம். இவர்கள் தேதியையே சொல்லி வைத்துவிட்டார்கள். அதில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

டிசம்பர் 1, ஞாயிறு

நேற்றிரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அம்மாவோடு பேசி முடிக்கும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் ஒழுகல் தவிரச் சேதம் இல்லை.

புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அலெக்சாண்டிரியாவில் ஆண்டு முழுவதும் பெய்வது ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். எகிப்திலேயே மழை அதிகம் பெறும் ஊர்களில் இது ஒன்று என்று இங்கே பெருமையாகச் சொல்வார்கள்.

டிசம்பர் 5, வியாழன்

காசிம். மழை அதிகமில்லை, காற்றுதான். மாலையில் கைத்பே கோட்டைவரை நடந்தேன்.

கலங்கரை விளக்கம் நின்ற இடம் இது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எழுப்பி, நூறு மீட்டருக்கு மேல் உயர்ந்து நின்றது. நிலநடுக்கங்கள் ஒவ்வொன்றாய் அதை அசைத்தன. 1303-இல் வந்தது பெரிய அடி. 1470களில் சுல்தான் கைத்பே அதே இடத்தில் இந்தக் கோட்டையைக் கட்டினார். கோட்டையைக் கடல் அரிக்கக்கூடாது என்று 1990களில் கான்கிரீட் பாளங்களை இறக்கினார்கள். அவை விழுந்தது கடலுக்கடியில் கிடந்த பழைய கற்கள்மேல். அதன்பிறகே தொல்லியலாளர்கள் மூழ்கித் தேடி, ஆயிரக்கணக்கான கற்களையும் சிலைத் துண்டுகளையும் பதிவு செய்தார்கள். கரையைக் காக்கப் போட்ட கல்லே புதையலை அமுக்கியது என்பதை நினைத்தால் மனம் ஆறவில்லை. ஆனால் அலை கோட்டைச் சுவரில் மோதும் வேகத்தை இன்று நேரில் பார்த்தபின், அவர்களைக் குறைசொல்லவும் வாய் வரவில்லை.

டிசம்பர் 13, வெள்ளி

விடுமுறை. கார்த்திகை தீபம். பால்கனியில் ஏழு அகல் ஏற்றினேன். காற்றில் மூன்றுதான் நின்றன.

இந்த ஊரும் ஒரு காலத்தில் ஆண்டுதோறும் இப்படி விளக்கேற்றியிருக்கிறது. கி.பி. 365 ஜூலை 21. கிரீட் தீவருகே பெரும் நிலநடுக்கம். கடல் உள்வாங்கியது. ஈரச் சேற்றில் துடித்த மீன்களை மக்கள் கையால் பொறுக்கினார்கள். பிறகு அலை திரும்பி வந்தது. இங்கே கப்பல்கள் வீட்டுக் கூரைகளில் ஏறி நின்றதாக அக்கால ரோம வரலாற்றாசிரியர் அம்மியானஸ் மார்செல்லினஸ் எழுதியிருக்கிறார். பல பத்தாண்டுகள் கழித்தும் அந்த நாளில் நகரம் முழுதும் விளக்கேற்றி வழிபட்டதை வரலாற்றாசிரியர் சோசோமென் குறித்துவைத்திருக்கிறார்.

இதே நகரத்தில் அமர்ந்து கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் புவியியலாளர் தாலமி உலகத்தின் ஊர்களை வரிசைப்படுத்தியபோது, காவிரி முகத்துறையை 'கபேரிஸ்' என்று எழுதினார். நம் கரையின் பெயர் தெரிந்திருந்த ஊர். இரு கரைக்கும் ஒரே துயரம் வேறு வேறு நூற்றாண்டில் வந்தது.

டிசம்பர் 26, வியாழன்

சுனாமி வந்து இருபது ஆண்டுகள். நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். சித்தப்பாவும் அவர்களில் ஒருவர். அன்று ஞாயிற்றுக்கிழமை, வலையைக் காயவைக்கக் கரைக்குப் போனவர்.

நாலே முக்காலுக்கு அலாரம் வைத்து எழுந்தேன். அம்மா ஒன்பதுக்குள் கரைக்குப் போய்விடுவாள். ஐந்தே கால் மணிக்கு அழைத்தபோது சித்தியும் பக்கத்தில் இருந்தாள். பால் ஊற்றி, பூவைத் தூவிவிட்டு, அம்மா போனைக் கடல் பக்கம் நீட்டினாள். அலை அமைதியாக இருந்தது. யாரோ ஒரு குழந்தை சிரித்தது கேட்டது.

"அங்கே விடிந்துவிட்டதா தம்பி?" என்றாள் சித்தி.

"இல்லை சித்தி, இன்னும் இருட்டுதான்" என்றேன்.

சூரியன் எழ ஒன்றரை மணி நேரம் இருந்தது. மீந்திருந்த அகலில் எண்ணெய் ஊற்றி, காற்றுப்படாமல் ஜன்னலுக்கு உள்ளே வைத்தேன்.