ஜி.பி. ரேட்டிங் சேரும் முன் சுவரில் மாட்டியிருக்கும் கடிதத்தைப் படியுங்கள்

எங்கள் ஊர் ராமேஸ்வரம் தீவில் இருக்கிறது. அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். எனக்கு அந்தத் தொழில் வேண்டாம் என்பதில் என்னைவிட அவர்தான் உறுதியாக இருந்தார். பத்தாவது முடித்து ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தேன், அப்புறம் ஜி.பி. ரேட்டிங் என்ற மாலுமிப் படிப்பில் சேர்ந்து வணிகக் கப்பலுக்குப் போகலாம் என்று வீட்டில் முடிவு செய்தோம். அங்கிருந்து முதல் கப்பலில் ஏறும் வரை இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆனது. அதில் முதல் ஏழு மாதம் முழுக்க வீண். ஒரே ஒரு கடிதத்தை நாங்கள் சரியாகப் படிக்காததுதான் காரணம்.

ஊரில் பழக்கமான ஏஜென்ட் ஒருவர் ஒரு பயிற்சிப் பள்ளிக்கு எங்களை அழைத்துப் போனார். வரவேற்பறைச் சுவரில் மத்திய அரசின் கப்பல் துறை இயக்குநரகமான டிஜி ஷிப்பிங் கொடுத்த அனுமதிக் கடிதம் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருந்தது. முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தது, போலி இல்லை, உண்மையான கடிதம்தான். அதைப் பார்த்த தைரியத்தில், அம்மா நகையை அடகு வைத்துக் கொண்டுவந்த 60,000 ரூபாயை அன்றைக்கே முன்பணமாகக் கட்டிவிட்டோம். நீச்சல் குளம் எங்கே என்று அப்பா கேட்டார், கடலில் கிடப்பவருக்கு அதுதானே முதலில் தோன்றும். பயிற்சிக்கு வெளியே கூட்டிப் போவோம் என்றார்கள். நாங்களும் தலையாட்டினோம்.

பேட்ச் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே போனது. பெரியப்பா மகன் அண்ணன் ஏ.பி.யாக, அதாவது அனுபவமுள்ள மாலுமியாக, கப்பலில் இருக்கிறார், அவர் லீவில் வந்தபோதுதான் விஷயத்தைச் சொன்னேன்.

"தம்பி, என்ட்ரன்ஸ் எழுதினியா?"

"அதெல்லாம் தேவையில்லன்னு சொன்னாங்கண்ணே."

"ஜி.பி. ரேட்டிங்குக்கா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "அந்தச் சுவத்துல இருக்குற லெட்டர ஒரு போட்டோ எடுத்துட்டு வா."

எடுத்து வந்து காட்டினேன். இரண்டாவது பத்தியில் எழுத்துக்கு எழுத்து இருந்தது. அந்த அனுமதி சில நாட்களில் முடியும் பாதுகாப்புப் பயிற்சிகளுக்கு மட்டும்தான், ஆறு மாத ஜி.பி. ரேட்டிங் படிப்பின் பெயரே அதில் இல்லை. அன்றைக்குத்தான் புரிந்தது, பள்ளிக்கு என்று மொத்தமாக ஓர் அனுமதி கிடையாது. ஒவ்வொரு படிப்புக்கும் தனி அனுமதி, ஒரு பேட்ச்சில் எத்தனை பேர் என்ற கணக்கோடு. நான்கு படிப்புக்கு அனுமதி வாங்கிய இடம் ஐந்தாவதற்கும் ஆள் சேர்த்தால், அந்த ஐந்தாவது படிப்பின் சான்றிதழுக்கு மதிப்பே இல்லை. டிஜி ஷிப்பிங் இணையதளத்தில் பள்ளியின் பெயர், பள்ளிக்குக் கொடுத்த எம்.டி.ஐ. எண், எந்தெந்தப் படிப்புக்கு அனுமதி, எத்தனை இடம் என்று பட்டியல் இருக்கிறது, காசு செலவில்லாமல் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். அம்மாவும் நானும் மூன்று நாள் அந்த வரவேற்பறையில் போய் உட்கார்ந்து 40,000 திரும்ப வாங்கினோம். மீதி 20,000 இன்றுவரை வரவில்லை.

அரசாங்கம் இதில் ஏன் இவ்வளவு கெடுபிடி என்று எனக்கும் அப்போது எரிச்சல் வந்தது. அண்ணன்தான் விளக்கினார். நம் சான்றிதழ் நம் நாட்டுக்குள் மட்டும் செல்வது இல்லை, பனாமா கொடி போட்ட கப்பலிலும் சிங்கப்பூர் துறைமுகத்திலும் செல்ல வேண்டும். அதற்காக மாலுமிகளின் பயிற்சிக்கும் சான்றிதழுக்கும் எஸ்.டி.சி.டபிள்யூ. என்று 1978இல் ஒரு சர்வதேச ஒப்பந்தம் போட்டார்கள், 1995இலும் 2010இலும் அதைப் பெரிய அளவில் திருத்தினார்கள். அதன்படி பயிற்சியைக் கண்காணிப்பது அந்தந்த நாட்டின் பொறுப்பு, இங்கே மும்பையில் இருக்கும் டிஜி ஷிப்பிங் அதைச் செய்கிறது. ஒரு நாடு பயிற்சியில் கோட்டை விட்டால் அந்த நாட்டு மாலுமிகள் எல்லோருடைய சான்றிதழ் மீதும் சந்தேகம் விழும். நேர்மையாகப் படித்தவனுக்கும் சேர்த்துத்தான் அடி.

சரி, இரண்டாவது முறை எப்படிப் போனேன் என்று சொல்கிறேன். பணம் கட்டும் முன்பே மருத்துவப் பரிசோதனை செய்துகொண்டேன், டிஜி ஷிப்பிங் அங்கீகரித்த டாக்டரிடம் மட்டும்தான் செய்ய வேண்டும், வேறு டாக்டர் கொடுத்தால் செல்லாது. நிறக்குருடு இருந்தால் டெக், அதாவது கப்பலின் மேல்தள வேலைக்கு வழியே இல்லை. புள்ளி புள்ளியாக எண்கள் இருக்கும் புத்தகத்தைக் காட்டுவார்கள், என்னோடு வந்த ஒரு பையன் அங்கேயே திரும்பிப் போனான். அவன் வேறு ஒரு இடத்தில் ஏற்கெனவே ஒரு லட்சம் கட்டியிருந்தான், அவர்கள் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

வயது பதினேழரையிலிருந்து 25க்குள் இருக்க வேண்டும், மதிப்பெண்ணில் ஆங்கிலத்துக்குத் தனியாக 40 சதவீதம் பார்ப்பார்கள். நுழைவுத் தேர்வை மும்பையில் இருக்கும் மாலுமிகளுக்கான தேர்வு வாரியம், பி.இ.எஸ். டிரஸ்ட், நடத்துகிறது, பேட்ச் ஜனவரியிலும் ஜூலையிலும் ஆரம்பிக்கும். தேறியபின் பட்டியலில் இருந்த மூன்று பள்ளிகளை நேரில் போய்ப் பார்த்தேன், மூன்றிலும் முதலில் குளத்தைத்தான் பார்த்தேன். ஆய்வு நடத்தி ஒவ்வொரு பள்ளிக்கும் தரம் போடுகிறார்கள், அதையும் கேட்டுப் பார்த்துவிட்டு ஒன்றில் சேர்ந்தேன். சேரும்போது இண்டோஸ் எண் வாங்க வேண்டும். மாலுமிகளுக்கான தேசியப் பதிவு அது, பின்னால் எடுக்கும் ஒவ்வொரு சான்றிதழும் அந்த எண்ணின் கீழ்தான் ஏறும்.

ஆறு மாதமும் விடுதியில். வருகைப் பதிவு விரல் ரேகையில், லீவு எடுத்தால் மறைக்க முடியாது. கயிறு பின்னுவது, துரு தட்டுவது, பெயின்ட், ஸ்டீயரிங் கட்டளைகள், எஞ்சின் பட்டறை எல்லாம் உண்டு, ஜி.பி. என்றால் டெக்குக்கும் எஞ்சினுக்கும் பொதுவான ஆள் என்றுதான் அர்த்தம். எனக்கு மறக்காதது குளத்து நாள். லைஃப் ஜாக்கெட்டை ஒரு கையால் இறுக்கிப் பிடித்து, மறு கையால் மூக்கைப் பொத்தி, உயரத்திலிருந்து குதிக்க வேண்டும். அப்புறம் தலைகீழாகக் கவிழ்ந்து கிடக்கும் ரப்பர் தெப்பத்தின் விளிம்பில் ஏறி நின்று, அடியில் இருக்கும் பட்டையைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து அதை நிமிர்த்த வேண்டும். கடற்கரையில் பிறந்தவன் நான், எனக்கே முதல் இரண்டு முறை வரவில்லை. முதலில் பணம் கட்டிய இடத்தில் படித்திருந்தால் இதைப் படத்தில்தான் பார்த்திருப்பேன்.

நான்காவது மாதம் ஒரு காலையில், சொல்லாமல் கொள்ளாமல் ஆய்வுக்கு வந்தார்கள். வகுப்பில் தலையை எண்ணிப் பதிவோடு ஒப்பிட்டார்கள், தீயணைப்பானில் தேதி பார்த்தார்கள், ஆசிரியர்களிடம் பயிற்றுநர் சான்றிதழைக் கேட்டார்கள். எங்களில் ஆறு பேரைக் கூப்பிட்டு லைஃப்போட்டை இறக்கச் சொன்னார்கள். ஒரு பையன் பிரேக்கைத் தவறாகப் பிடித்ததைக் குறித்துக்கொண்டு போனார்கள், மறுநாளிலிருந்து இரண்டு வாரம் தினமும் அதே பயிற்சிதான். முனகிக்கொண்டே செய்தோம்.

கடைசித் தேர்வையும் பள்ளி நடத்துவதில்லை, அதுவும் பி.இ.எஸ். வழியாகத்தான். தேறியதும் சிடிசிக்கு, அதாவது மாலுமியின் பணிப் பதிவுப் புத்தகத்துக்கு, இணையத்தில் விண்ணப்பித்தேன், சென்னை ஷிப்பிங் மாஸ்டர் அலுவலகம் வழியாக வந்தது, பத்து வருடம் செல்லும். அதற்கு முன் இணையதளத்தில் என் இண்டோஸ் எண்ணைப் போட்டுச் சான்றிதழ் எல்லாம் ஏறியிருக்கிறதா என்று பார்த்தேன், ஒன்று ஏறவில்லை, பள்ளியில் சொல்லி ஏற்ற ஒரு வாரம் ஆனது. கையில் காகிதம் இருக்கிறதே என்று சும்மா இருந்திருந்தால் என் விண்ணப்பம் அங்கேயே நின்றிருக்கும்.

சிடிசி வந்தவுடன் வேலை வந்துவிடாது, நான் ஐந்து மாதம் காத்திருந்தேன். அந்த நேரத்தில்தான் "இரண்டு லட்சம் கொடு, அடுத்த வாரம் ஃப்ளைட்" என்று போன் வரும். ஆள் எடுக்கும் கம்பெனிக்கு ஆர்.பி.எஸ்.எல். என்ற, மாலுமிகளை வேலைக்கு எடுப்பதற்கான உரிமம் இருக்க வேண்டும், உரிமம் உள்ள கம்பெனி வேலைக்காக மாலுமியிடம் பணம் வாங்கக் கூடாது, விதியே அப்படித்தான். பணம் கேட்ட மூன்று பேரிடமும் உரிம எண்ணைக் கேட்டேன். மூவருமே மறுபடி கூப்பிடவில்லை.

ஒடிசாவின் பாரதீப் துறைமுகத்தில் ஒரு நிலக்கரிக் கப்பலில் டிரெய்னியாக ஏறினேன். முதல் வாரம் படகு டிரில், தேர்டு ஆபீசர் பிரேக் பக்கம் என்னை நிறுத்தினார். கை தானாகச் சரியான இடத்துக்குப் போனது.